முகாமில் இல்லாதவர் யார்? கஜாவுக்குப் பின் நாங்கள் செய்த பாதுகாப்புக் கண்காணிப்பு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. டெல்டா கிராமங்களில் பள்ளிக்கூடங்களும் திருமண மண்டபங்களும் நிவாரண முகாம்கள் ஆயின. அரிசி வந்ததா, தார்ப்பாய் வந்ததா என்று பார்க்க ஆள் இருந்தார்கள். யார் விடுபட்டார், யாருக்கு இரவில் பயம், எந்தக் குழந்தை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று பார்ப்பது வேறு வேலை. அந்த வேலையில் எங்களுக்குக் கைகொடுத்த முறை இது.

முதலிலேயே கேள்விப் படிவத்தைக் கையில் எடுக்கக் கூடாது. ஒரு பிரச்சினை தெரியவந்தால் யாரிடம் ஒப்படைப்போம் என்பதை முடிவு செய்த பிறகுதான் ஊருக்குள் போக வேண்டும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இவற்றோடு குழந்தைகள் நலக்குழு, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், அரசு மருத்துவமனை ஆகியவற்றின் எண்களையும் அழைத்துப் பார்த்து, யார் எடுக்கிறார்கள் என்று எழுதி வைத்தோம். மின்கம்பங்கள் சாய்ந்து செல்பேசிக் கோபுரங்களும் செயலிழந்த ஊர்களில் எண் மட்டும் போதாது. நேரில் போக வேண்டிய அலுவலகத்தின் இடமும் தாளில் இருக்க வேண்டும். நாம் உதவ வழியில்லாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அந்த மனிதருக்குச் செய்யும் தீங்கு.

அடுத்து பட்டியல்கள். முகாம் பதிவேட்டில் இருப்பவர்களை எண்ணினால் முகாமுக்கு வர முடிந்தவர்களை மட்டுமே பார்ப்போம். அதனால் அங்கன்வாடியில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் பட்டியல், கிராம நிர்வாக அலுவலரிடம் முதியோர், விதவை உதவித்தொகைப் பட்டியல், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்பு உதவி பெறுவோர் பட்டியல் மூன்றையும் வாங்கி, முகாம் பதிவேட்டோடு பெயர் பெயராக ஒப்பிட்டோம். பதிவேட்டில் இல்லாத பெயர்தான் அடுத்து போக வேண்டிய வீடு. படுத்த படுக்கையான முதியவர், அவரை விட்டு வர முடியாத மகள், மாட்டை விட்டு வர மனமில்லாத கிழவி எல்லாரும் இப்படித்தான் கிடைப்பார்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களும் உண்டு: செங்கல் சூளையில் வேலை பார்க்கும் குடும்பங்கள், இருளர், பூம்பூம் மாட்டுக்காரர் குடியிருப்புகள். அவர்களைக் கண்டுபிடிக்க ஊரின் கடைசித் தெருவரை, அதைத் தாண்டி வாய்க்கால் கரைவரை நடந்தே ஆக வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் வண்டியில் ஏற்றிக் காட்டும் வழி பெரும்பாலும் காலனிக்கு முன்பே திரும்பிவிடும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதி, சமயம், பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. அது மீறப்பட்டிருந்தால் கடைசித் தெருவில்தான் தெரியும்.

'வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரும். கூச்சமும் உண்டு, முதுமையில் கண் மங்குவதை யாரும் அப்படி நினைப்பதும் இல்லை. பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தானே குளித்து உடுத்துவது, பிறருக்குப் புரியப் பேசுவது ஆகிய ஆறிலும் சிரமம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது என்று நான்கு பதில்கள். கடைசி இரண்டில் ஒன்று வந்தால் அந்த வீட்டைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

முகாமைப் பகலில் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை பார்க்க வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் குறைந்தபட்சத் தரம்: ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, அது 50 மீட்டருக்குள், பெண்களுக்குத் தனியாக. எண்ணிக்கை சரியாக இருந்தும் பெண்கள் போகாமல் அடக்கிக்கொண்டிருப்பார்கள். தாழ்ப்பாள் உள்ளே விழுகிறதா, வழியில் விளக்கு எரிகிறதா, அந்த வழியில் ஆண்கள் உட்கார்ந்து குடிக்கிறார்களா என்று குழுவிலுள்ள பெண் ஒருவர் நடந்து பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். பெண்களிடம் பெண்களே, ஆண்கள் இல்லாத இடத்தில் பேச வேண்டும். சமையல் செய்யும் அக்காக்களுக்கு எல்லாம் தெரியும், அவர்களை விட்டுவிடாதீர்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், பூப்பெய்தியதால் தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி, புயலில் தென்னை மரம் விழுந்து இறந்தாள். புயல் எச்சரிக்கை வந்ததும் 'தீட்டு என்று யாராவது தனியே இருக்கிறார்களா?' என்று வீடுவீடாகக் கேட்பதும் பாதுகாப்பு வேலைதான்.

பெற்றோர் இல்லாமல் ஒரு குழந்தை இருந்தால், யாரோ எடுத்து வளர்க்கத் தயாராக இருந்தாலும், இளைஞர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் கொண்டுபோக வேண்டும். குழந்தையிடம் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் கொடுமை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். கொடுத்த வாக்கை மீறினால் அந்தக் குழந்தை அடுத்த முறை வாய் திறக்காது.

படிவத்தில் பெயர் எழுதாமல் குறியெண் மட்டும் போட்டோம். பெயரும் எண்ணும் பொருந்தும் நோட்டு ஒருவர் பொறுப்பில், பூட்டிய பெட்டியில். கணவனை இழந்த பெண்களின் பட்டியல் செல்பேசி எண்ணோடு வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால் கடன்காரனும் தரகனும் வந்து நிற்பான். பேரிடரில் கணவனை இழந்த பெண்களுக்கு 15 நாளுக்குள் அதற்கான சான்றிதழ், 45 நாளுக்குள் நிதியுதவி என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த இரண்டு தேதிகளையும் நோட்டில் முன்கூட்டியே குறித்து வைத்தால்தான் அலுவலகத்தில் கேட்க முடியும்.

பள்ளி திறப்பதற்காக முகாமை மூடியதும் பலர் கண்காணிப்பையும் நிறுத்திவிடுகிறார்கள். டெல்டாவில் சிக்கல் அதன் பிறகுதான் கூடியது. விழுந்த தென்னைக்கு இழப்பீடு தோப்புக்காரருக்குப் போனது. மரம் ஏறியவருக்கும் மட்டை முடைந்த பெண்களுக்கும் வேலையே போனது. நெட்டைத் தென்னை நட்டுக் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர் பட்டா இல்லாமல் வீட்டுத் திட்டத்துக்கு அலைந்தார். நுண்கடன் வசூலிப்பவர்கள் இடிந்த வீட்டு வாசலில் நின்றார்கள்.

இப்படி நெருக்கடி முற்றும்போதுதான் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை வேலைக்கு அனுப்பும் நிலை வரும். அதனால் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதே வீடுகளுக்குத் திரும்பப் போங்கள். மூன்று கேள்விகள் போதும்: பள்ளிக்கூடம் போகாத பிள்ளை யார், அது எங்கே இருக்கிறது, எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள்? 'மில்லுக்குப் போயிருக்கு', 'மாமா வீட்டில் இருக்கு' என்ற பதில்களை அப்படியே எழுதிவிட்டு நகராமல், வகுப்பாசிரியரிடம் வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள்.