மழை லீவுல ஈர்க்குச்சிக் கணக்கு

ஐப்பசி, கார்த்திகையில திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் அடிக்கடி மழை லீவு வரும். ஒன்னாவது, ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு தினம் 20 நிமிஷம் கணக்கு போதும்.

காய்ஞ்ச தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு 50 குச்சியா ஒடிங்க (பச்சை ஈர்க்கு வளையும், ஒடியாது). பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டுப் பிள்ளையே கட்டணும். நாம கட்டிக் கொடுத்தா பத்துங்கிறது மனசுல நிக்காது.

இப்ப 27+15. ரெண்டு கட்டு, ஏழு குச்சி. ஒரு கட்டு, அஞ்சு குச்சி. உதிரி 12 ஆயிடுச்சா? அதுல பத்தைப் புதுக் கட்டா கட்டினா நாலு கட்டு, ரெண்டு குச்சி. 'மேல ஒன்னு போடு'ன்னு சொல்றோமே, அந்த ஒன்னு இந்தக் கட்டுதான்.

இது புரியாத பிள்ளை 2+1=3, 7+5=12னு தனித்தனியா கூட்டி, பக்கத்துல பக்கத்துல வச்சு நோட்டுல 312னு எழுதும். திட்டாதீங்க. அழிக்கவும் சொல்லாதீங்க. குச்சியைத் திரும்பக் கையில கொடுங்க.