தலைக்கு ஊத்தலாமா?

நடுக்காதுக்குக் காற்றுப் போகச் செவிப்பறையில் குரோமெட் என்ற சின்னக் குழாய் வைத்த அன்று மாலை, பையனை வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் அவனுடைய ஆயா கேட்டார்: "தலைக்கு ஊத்தலாமா தம்பி?" "ஒரு வாரம் போகட்டும் ஆச்சி, அப்புறம் ஊத்தலாம். தண்ணிக்குப் பயப்பட வேண்டாம்" என்றேன். இந்தப் பதில் சரியா தப்பா என்று இன்னும் எனக்கே பிடிபடவில்லை.

அறுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து வயது. மூன்று மாதம் காத்திருந்தும் இரண்டு காதிலும் டிம்பனோகிராம், அதாவது செவிப்பறையின் அசைவைக் காட்டும் வரைபடம், தட்டைக் கோடுதான். நன்றாகக் கேட்கும் காதிலேயே 35 டெசிபலுக்குக் குறைந்த சத்தம் கேட்கவில்லை. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் பெருத்திருந்ததால் அதையும் சேர்த்தே எடுத்தாயிற்று. செவிப்பறையின் முன்புறக் கீழ்ப்பகுதியில் சின்னக் கீறல். பின்புற மேல்பகுதிக்குக் கத்தி போகவே கூடாது, அங்கேதான் ஒலியைக் கடத்தும் சிற்றெலும்புகளின் மூட்டு இருக்கிறது. பறைக்குப் பின்னால் தேங்கியிருந்தது நீரில்லை, கோந்து போன்ற சளி. உறிஞ்சும் குழாயின் நுனியை அடைத்துக்கொண்டு, இழுக்க இழுக்க நூலாக வந்தது. கீறல் பெரிதாகிவிட்டால் குரோமெட் நிற்காது. சிறிதானால் நுழைக்கும்போது பறை கிழியும். இரண்டு காதின் குரோமெட்டும் கச்சிதமாக உட்கார்ந்தன.

குரோமெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வெறும் தண்ணீர் அதன் வாயிலேயே நின்றுவிடும், பரப்பு இழுவிசை உள்ளே விடாது. அதனால்தான் குளிப்பதற்கும் தண்ணீரின் மேல்மட்டத்தில் நீந்துவதற்கும் பிள்ளைகளுக்குக் காதடைப்பான் கட்டாயமில்லை என்று இப்போதைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதை நம்பித்தான் சொன்னேன். ஆனால் சோப்பு நுரையும் சீயக்காய்க் கரைசலும் அந்த இழுவிசையைக் குறைத்துவிடும். எண்ணெயோ தானே வழிந்து இறங்கும். ஊருணியில் முங்கினால் ஆழத்தின் அழுத்தம் வேறு, கலங்கல் வேறு.

மூன்றாவது வாரம் இடது காதில் சீழ். பஞ்சால் ஒற்றி எடுத்தபோது மஞ்சளோடு ஒரு மினுமினுப்பு, நடுவே பழுப்பாகச் சீயக்காய்த் துகள். "நீங்கதானே ஊத்தலாம்னு சொன்னீக. சனிக்கிழமை ஊத்துனேன். காதுக்குள்ள ரெண்டு சொட்டு எப்பவும் விடுறதுதான்."

அவர் மேல் என்ன தப்பு? இந்தப் பக்கம் தலைக்கு ஊத்துவது என்றால் நல்லெண்ணெய், சீயக்காய் எல்லாம் அதற்குள் அடக்கம். நானும் இங்கேயே குப்பை கொட்டுகிறவன்தான். அவர் கேட்டது எண்ணெய்க் குளியலை, நான் பதில் சொன்னது தண்ணீருக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று பையனுக்குச் சளியும் பிடித்திருந்தது. குரோமெட் வழியே சீழ் வருவதற்கு வெளித்தண்ணீரைவிட, மூக்கிலிருந்து நடுக்காதுக்கு ஏறும் சளித்தொற்றுதான் அடிக்கடி காரணம். எண்ணெய் இரண்டு காதிலும் விடப்பட்டது, வலது காது காய்ந்தே இருந்தது. அப்படியானால் எண்ணெயைக் குற்றம் சொல்வது சரியா? இந்த வாதம் எனக்கு வசதியாக இருக்கிறது என்பதாலேயே அதன்மேல் சந்தேகம் வருகிறது.

சிகிச்சை எளிது. முதலில் சீழை உறிஞ்சிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் மருந்து துளையைத் தாண்டாது. சிப்ரோஃப்ளாக்சசினும் டெக்சாமெத்தசோனும் கலந்த சொட்டு, வேளைக்கு நான்கு, தினம் இருவேளை, ஏழு நாள். விட்டபிறகு காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் குருத்தெலும்பை நாலைந்து தடவை அமுக்கி விட்டால் மருந்து உள்ளே இறங்கும். காய்ச்சலில்லாத பிள்ளைக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக் வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஜென்டாமைசின் சொட்டு கூடவே கூடாது, உள்காதைக் கெடுக்கக்கூடியது. ஐந்தாம் நாள் காது காய்ந்தது.

அதற்குப் பிறகு, குரோமெட் விழும்வரை எண்ணெய் இல்லை, ஊருணி இல்லை, வெறும் தண்ணீர் என்றாலும் வாஸ்லைன் தடவிய பஞ்சு வைக்காமல் தலைக்கு ஊற்றக் கூடாது என்றே எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பஞ்சு விஷயத்தில் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறேன் என்று எனக்கே தெரியும். பிரித்துச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் மாதம் பரிசோதனைக்கு வந்தார்கள். வலது குரோமெட் தானாகக் கழன்று குறும்பியோடு கிடந்தது, பறையும் மூடியிருந்தது. இடது இன்னும் அதன் இடத்திலேயே. ஆயா அதே கேள்வியைக் கேட்டார்.

"எண்ணெய் வச்சா, வெறுந்தண்ணியா ஆச்சி?"

"வெறுந்தண்ணிய யாரு தம்பி தலைக்கு ஊத்துறா?"