காது வில்லை

பொய்கைச் சந்தையில் ஒரு செவ்வாய்க்கிழமை வாங்கிய ஜெர்சி கலப்பு மாடு. இரண்டாம் ஈற்று, வேளைக்கு ஆறு லிட்டர். இன்சூரன்ஸ் என்றாலே எங்கள் அணைக்கட்டுப் பக்கம், "மாடு செத்தாத்தானே காசு, அபசகுனம்" என்பார்கள். அம்மாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. மறுவாரமே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போகச் சொன்னார்.

பிரீமியத்தில் பெரும்பகுதி மானியம். 2024இல் தேசிய கால்நடை இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டத்தைத் திருத்தியபோது விவசாயியின் பங்கை 15 சதவீதமாக்கினார்கள். அதற்கு முன் ஆளையும் பகுதியையும் பொறுத்து 20 முதல் 50 வரை இருந்தது. வயது, ஈற்று, கறவை பார்த்து டாக்டர் மதிப்புப் போட்டார். நான் கொடுத்த விலையைவிடக் கம்மிதான். 12 இலக்க எண் போட்ட மஞ்சள் வில்லையைக் காதில் குத்தி, அது தெரிகிற மாதிரி என்னையும் மாட்டையும் நிற்க வைத்து ஒரு போட்டோ. அதில் நான் கண்ணை மூடியிருக்கிறேன், மாடு அழகாக விழுந்திருக்கிறது.

நாலு மாதத்தில் சீமைக்கருவேல வேலியில் காது மாட்டி வில்லை பிய்ந்துபோனது. புதிது குத்தினால் எண்ணும் புதிது. "குத்தினா மட்டும் போதாதுப்பா, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து பாலிசியில நம்பரை மாத்திக்கோ" என்றார் டாக்டர். இரண்டு வாரம் இழுத்தடித்தேன். அம்மா தினம் கேட்டதால்தான் போனேன். கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கி வந்தேன்.

தை மாதம் பக்கத்துத் தெருவில் கல்யாணம். மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து வைத்தார்கள். ஆசைக்குத் தின்னட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அவ்வளவு சோறும் வயிற்றில் புளித்து அமிலமாகிவிடுமாம். காலையில் எழுந்திருக்கவே இல்லை. ஊசி, சோடா உப்பு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் விடியலில் போய்விட்டது.

குழி தோண்ட ஆள் வந்தாயிற்று. அம்மா அழுதுகொண்டே, "முதல்ல போன் பண்ணு" என்றார். கம்பெனிக்குத் தகவல், டாக்டரின் பிரேதப் பரிசோதனை, வில்லையோடு போட்டோ, எல்லாம் முடிந்த பிறகுதான் குழி. வில்லையைக் காதுத் தோலோடு அறுத்துக் கொடுக்க வேண்டும். தினம் தடவிக்கொடுத்த காது. கத்தியைக் கூட வந்த ஆளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன்.

ஒரு மாதம் கழித்து போன் வந்தது. "சார், பாலிசியில இருக்கிற நம்பர் வேற, நீங்க கொடுத்த வில்லை வேற." முத்திரை போட்ட நகலை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடிதம் வந்திருக்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் இல்லை. அந்தத் தாள் இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பார்களோ. இன்னும் ஐந்து வாரம் அலைந்து பணம் கைக்கு வந்தது.

அடுத்த செவ்வாய் பொய்கைக்குக் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தார். "காதுல ஏற்கெனவே வில்லை இருந்தா, அது யார் பேர்ல இருக்குன்னு கேட்டுட்டு வாங்குடா."