சாண்டரின் அடியில் இருக்கும் தட்டு

வெளிநாட்டில் குடியேறிய பிறகு பலருக்கும் தச்சுவேலை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. பழைய மேசையைத் தேய்த்து வார்னிஷ் அடிக்க ஆள் கூப்பிட்டால், கூலி மேசை விலையைத் தாண்டிவிடும். சரி, நாமே செய்வோம் என்று இறங்க வேண்டியதுதான். கருவிகளும் பெரும்பாலும் வேறு ஊருக்குப் போகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போனவையாக இருக்கும். என்னுடைய ரேண்டம் ஆர்பிட் சாண்டர் (உப்புத்தாள் ஒட்டிய வட்டத் தட்டைச் சுழற்றி மரத்தைத் தேய்க்கும் மின்கருவி) அப்படி வந்ததுதான்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் அதேபோல் ஒன்று கிடைத்தது. "அண்ணா, தாள் நிக்கவே மாட்டேங்குது, பறந்துடுது. வேற கம்பெனி தாள் வாங்கணுமா?" என்று கேட்டார். மெஷினைத் திருப்பிப் பார்த்தேன். தட்டின் நடுவில் வெல்க்ரோ கொக்கிகள் சொரசொரப்பாக இருந்தன. ஓரம் முழுக்க உருகி, வழவழவென்று மின்னியது. முன்பு வைத்திருந்தவர் ஓரத்தைச் சாய்த்து அழுத்தியே தேய்த்திருப்பார் போல. அந்தச் சூட்டில் கொக்கிகள் உருகிவிடும். அப்புறம் எந்தத் தாளும் ஒட்டாது. உப்புத்தாள் தேயும் என்று எல்லோருக்கும் தெரியும். தட்டும் தேய்கிற பொருள்தான் என்பது ஏனோ தோன்றுவதில்லை.

தட்டை மாற்றுவது சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு (பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு) அடியில் உள்ள திருகுகளைக் கழற்ற வேண்டும். சிலவற்றில் நடுவில் ஒன்று, சிலவற்றில் மூன்று அல்லது நான்கு. இந்த அமைப்பு மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் 125 மி.மீ. என்ற விட்ட அளவை மட்டும் நம்பித் தட்டு வாங்கக் கூடாது. மாடல் எண்ணைப் பார்க்க வேண்டும். தூசி உறிஞ்சும் துளைகளும் தாளின் துளைகளோடு பொருந்த வேண்டும். 125 மி.மீ. மெஷினில் 150 தட்டைப் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். உள்ளே இருக்கும் எதிர் எடை அந்தத் தட்டுக்கென்றே அளந்து வைத்தது. எடை மாறினால் கை நடுங்கும்.

தட்டின் கடினத்தில் எனக்கு மீடியம் போதும். மேசைப் பலகை போன்ற தட்டையான பரப்புக்கு ஹார்ட் நல்லது, சமமாக வெட்டும். வளைந்த நாற்காலிக் கைகளுக்கு சாஃப்ட். ஆனால் அதற்கென்று தனித் தட்டு வாங்குவதைவிட, தட்டுக்கும் தாளுக்கும் நடுவே ஒட்டும் மெல்லிய ஃபோம் பேட் ஒன்று வாங்கலாம். தட்டின் கொக்கிகளையும் அது காப்பாற்றும்.

தட்டைக் கழற்றும்போது மேலே இருக்கும் பிரேக் வளையத்தையும் (தட்டு தறிகெட்டுச் சுழலாமல் பிடித்து வைப்பது) பார்த்துவிடுங்கள். மெஷினை ஓடவிட்டுத் தூக்கிப் பிடித்தால் தட்டு நிதானமாகச் சுற்ற வேண்டும். வெறிபிடித்தாற்போல் சுழன்றால் வளையம் தேய்ந்துவிட்டது. அந்த வேகத்தில் மரத்தில் வைத்தால் வட்டக் கீறல் விழும். வார்னிஷ் அடித்த பிறகுதான் அது பளிச்சென்று தெரியும். தாளில் தூசி அடைத்தாலும் சுருள் சுருளாகக் கீறல் வரும் என்பதால், தாளை மாற்றிப் பார்த்துவிட்டு வளையத்தின்மேல் பழி போடலாம்.

தட்டைக் கையால் சுற்றும்போது நறநறவென்றால் பேரிங் போய்விட்டது. மூடிய பேரிங்குக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். நின்று நின்று ஓடினால் மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்களைப் பார்க்க வேண்டும். பிரஷ்கள் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. பிரஷ்லெஸ் (பிரஷ் இல்லாத மோட்டார்) மெஷினுக்கு இந்த பிரஷ் தொல்லை இல்லை.

வாடகை அடுக்ககத்தில் இருப்பவர்கள் வாக்குவம் கிளீனரை மாட்டித் தேய்ப்பது உத்தமம். நுண்தூசி புகை அலாரத்தைக் கூட அலற வைக்கும், கட்டடமே எட்டிப்பார்க்கும். பழைய வீட்டுக் கதவு, ஜன்னல் என்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் சாண்டரைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் தூசிப்பையைக் காலி செய்துவிடுங்கள். எண்ணெய், வார்னிஷ் கலந்த தூசி குவியலாகக் கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடும்.