ஞாயித்துக்கிழமை எட்டேகாலுக்கு ஜெர்மன்காரனுக்கு போன் பண்ணாதீங்க

ஜெர்மனில இந்த டார்ட்மண்ட் ஊருக்கு வந்த புதுசுல ஆபீஸ்ல யாரும் எங்கூட சேர்ந்தாப்ல அஞ்சு நிமிஷம் பேசினதில்லங்க. கெட்டவங்கன்னு சொல்லல, காலைல வணக்கம் சொல்லுவாங்க, மழை வருதுன்னு சொல்லுவாங்க, அதோட சரி. ஆனா திங்கக்கிழமை மட்டும் காபி மெஷின் பக்கத்துல ஒரு கூட்டம் நின்னு கைய ஆட்டி ஆட்டி சண்டை போடும், அதுல ஒருத்தர் வாரம் பூரா வாயே திறக்காத மனுஷன், அவரு தான் சத்தமா கத்திட்டு இருப்பாரு. என்னடா கம்பெனிய மூடப்போறாங்களான்னு பயந்து போய் விசாரிச்சா, நேத்து டிவில வந்த டாட்டோர்ட்.

1970 நவம்பர்ல ஆரம்பிச்ச போலீஸ் கதை, இன்னும் ஓடுது. ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு கால் மணி நேரம் நியூஸ், முடிஞ்ச உடனே எட்டேகாலுக்கு டைட்டில், ரெண்டு கண்ணு, துப்பாக்கி குறி பாக்குற வட்டம், ஓடுற காலுன்னு அரை நூற்றாண்டா அதே டைட்டில் தான். ஒன்றரை மணி நேரம், ஒரு கொலை, சாதாரணமா ரெண்டு போலீஸ். விசேஷம் என்னன்னா ஊருக்கு ஒரு டீம். மூனிக்குக்கு தனி, கொலோனுக்கு தனி, ஆஸ்திரியாவுக்கு வியன்னா டீம், சுவிஸ்காரங்களுக்கு சூரிச் டீம். வாரம் ஒரு ஊர் மாத்தி மாத்தி வரும், அதனால ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிடிச்ச டீமும் ஒரு ஆகாத டீமும் இருக்கு.

அப்புறம் இன்னொரு விஷயம், வீட்ல டிவி இருக்கோ இல்லையோ ஒவ்வொரு வீட்டுக்கும் மாசம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கட்டணும். புது வீட்டு அட்ரஸ பதிவு பண்ணின கொஞ்ச நாள்லயே லெட்டர் வந்துரும். எங்கிட்ட டிவியே இல்லீங்கன்னா செல்லாது. டாட்டோர்ட்டும் இந்த காசுல தான் எடுக்குறாங்க. அதனால தான் இங்க எல்லாரும் உரிமையோட திட்டுறாங்கன்னு நெனைக்கிறேன், நம்ம காசுல எடுத்துட்டு இப்படி எடுத்து வச்சிருக்கானேன்னு. திட்டும் ரொம்ப மாறாது. டயலாக் காதுலயே விழல, முணுமுணுக்குறானுங்க. கொலைகாரன விட்டுட்டு சமூக பிரச்சனைய பாடம் எடுக்குறான். வித்தியாசமா எடுக்குறேன்னு கழுத்தறுக்குறான். எல்லாத்துக்கும் மேல, முன்ன மாதிரி இல்ல. இந்த முன்னங்கிறது எங்க ஏரியால ஷிமான்ஸ்கி தான், 1981ல இருந்து 1991 வரைக்கும் டூயிஸ்பர்க் போலீஸா கோட்ஸ் கியோர்க நடிச்சது, கெட்ட வார்த்தை பேசிட்டு அழுக்கு ஜாக்கெட்டோட திரியுற ஆளு. அம்பது வயசு தாண்டினவங்க அந்த பேர சொல்லும்போது மூஞ்சியே மாறிடும். டூயிஸ்பர்க்ல ஒரு சந்துக்கு அவரோட பேர் வச்சிருக்காங்க, நடிகர் பேர் இல்ல, கதாபாத்திரத்தோட பேர்!

இப்போதைக்கு ஜனங்களுக்கு ரொம்ப புடிச்சது முன்ஸ்டர் டீம், 2002ல இருந்து வருது. டீல்னு ஒரு சிடுமூஞ்சி போலீஸ், போர்னேன்னு ஒரு பந்தா பிணப் பரிசோதனை டாக்டர், டாக்டர் வீட்டுலயே போலீஸ் வாடகைக்கு குடியிருக்கான். கொலைய விட இவனுங்க சண்டை தான் படம். எட்டு கோடி சொச்சம் பேர் இருக்குற நாட்டுல ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கு மேல எல்லாம் பாத்திருக்காங்க. எனக்கு ரொம்ப சிரிப்பு வரல, உண்மைய சொல்லிடறேன். ஆனா பாதி கூட்டம் இத காமெடியாக்கி கெடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டே ஒண்ணு விடாம பாக்குது, அந்த குணம் மட்டும் நமக்கும் நல்லா தெரிஞ்ச குணம் தானே.

எனக்கு புடிச்சது எங்க ஊரு டார்ட்மண்ட் டீம், அதுல ஃபாபர்னு ஒரு போலீஸ். பச்சை கோட்டு, தூங்காத கண்ணு, கோவம் வந்தா கையில கிடைச்சத உடைக்கிற ஆளு. 2022 பிப்ரவரில அவன்கூட வேலை செய்யுற போனிஷ்னு ஒரு பொம்பள போலீஸ சாகடிச்சுட்டாங்க. பத்து வருஷமா கூடவே வந்த கேரக்டர், ரெண்டு பேரும் இப்பதான் ஒண்ணு சேரப் போறாங்கன்னு நெனைக்கிறப்ப சுட்டுட்டாங்க. அடுத்த நாள் காலைல காபி மெஷின் பக்கம் ஒரே எழவு. வாயே திறக்காத மனுஷன் நேரா என்ன பாத்து நீ பாத்தியான்னு கேட்டாரு, நான் பாத்தேன், அவள கொன்னது கதைக்காக இல்ல, அந்த நடிகை விலகுறாங்க அதனால கொன்னுட்டாங்க, வேற ஊருக்கு மாத்தல் குடுத்திருக்கலாமேன்னு அரைகுறை ஜெர்மன்ல சொன்னேன். இல்லவே இல்ல, அவ செத்தா தான் ஃபாபருக்கு கதை நகரும்னு அவரு, மாத்தல்னா எங்க, முன்ஸ்டருக்கான்னு இன்னொருத்தி. மீட்டிங்குக்கு பத்து நிமிஷம் லேட்டா போனோம், ஜெர்மன்காரங்க! அதுல இருந்து மத்தியானம் கேண்டீன் போறப்ப என்னையும் கூப்பிட ஆரம்பிச்சாங்க.

கீழ் வீட்டு பாட்டியோட உலகம் வேற. நான் இந்தியான்னு தெரிஞ்ச உடனே ஷாருக் கான்னாங்க. 2004ல இருந்து ஒரு தனியார் சேனல் ஷாருக் படங்கள ஜெர்மன் டப்பிங்ல போட்டுத் தள்ளியிருக்கு, அந்தம்மா டிஷ்யூ பாக்ஸ் வச்சுக்கிட்டு பாத்தவங்க. அது ஹிந்திங்க, எங்க மொழி தமிழ், எங்க ஆளு ரஜினின்னு விளக்கினேன். அவன் ஜெர்மன் தானே பேசினான்னாங்க. அதுக்கு மேல என்னத்த சொல்ல. இங்க ஹாலிவுட் நடிகருக்கும் பெரும்பாலும் ஒரே ஆள் தான் வருஷக்கணக்கா குரல் குடுப்பாரு, ஸ்டாலோனுக்கும் ஸ்வார்ஸ்நேகருக்கும் பல வருஷம் ஒரே மனுஷன், டானபெர்க்னு பேரு. ரெண்டு ஹீரோவும் ஒரே படத்துல வந்தப்ப ஒருத்தருக்கு வேற ஆள தேடியிருக்காங்க. ஒரிஜினல் குரல கேட்டா அது போலின்னு சொல்றவங்கள எனக்கு தெரியும்.

அம்மா ஈரோட்டுல இருந்து வந்திருந்தப்ப ஃபாபர் பழைய எபிசோடு ஒண்ணு மறுபடி போட்டாங்க, சும்மா உக்காந்து பாத்துச்சு. ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாது. கொஞ்ச நேரத்துல, "ஏஞ்சாமி, இவனுக்கு பொண்டாட்டி புள்ள செத்துப் போச்சா?"ன்னுச்சு. நெசமாவே கதைல அப்படித்தான். எப்படிம்மான்னா, "அந்த கோட்ட பாரு, தொவைக்க ஆளில்லாதவன் கோட்டு அது. சோறும் நின்னுக்கிட்டே திங்கறான்"னுச்சு. கொலைகாரன் யாருன்னும் சொல்லுச்சு, அது தப்பு, ஆனா கடைசி வரைக்கும் ஒத்துக்கல, போலீஸ் தப்பான ஆள புடிச்சுட்டாங்கன்னு தான் சாதிச்சுச்சு. திங்கக்கிழமை இத ஆபீஸ்ல சொன்னேன். வாயே திறக்காத மனுஷன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அந்த எபிசோடுல எனக்கும் அதே சந்தேகம் தான், உங்கம்மாவ அடுத்த வாரம் முன்ஸ்டர் பாக்க சொல்லுன்னாரு.