ஒரே செம்பருத்தி, மூன்று துணி: மிஷின் எம்பிராய்டரியில் இதுவரை

மேசைவிரிப்பு, குஷன் உறை, துவாலை மூன்றிலும் ஒரே செம்பருத்தியைப் போடுவது என்று ஆரம்பித்த வேலை இப்போது பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. விரிப்பும் உறையும் ஆயிற்று, துவாலை இன்னும் ஃபிரேமில் (துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டத்தில்) இருக்கிறது. பூ சுமார் 12 செ.மீ அகலம், இதழில் மூன்று சிவப்பு, நரம்புக் கோடுகள், நடுவில் மகரந்தத் தண்டு, இரண்டு இலை. எல்லாம் சேர்த்து 20,000 தையலுக்கு மேல் வருகிறது. நிமிடத்துக்கு 600 தையல் வேகத்தில் ஓட்டினாலும் அரை மணிக்கு மேல் ஆகும், நூல் மாற்றும் நேரம் தனி.

டிசைனை இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, அதோடு சேரும் இலவச இங்க்ஸ்டிச் நீட்சியில் தையலாக மாற்றினேன். வரைவது சுலபம். தைக்கும் வரிசையை முடிவு செய்வதில்தான் தலை சுற்றியது. செம்பருத்தியின் ஐந்து இதழ்களும் சுற்றி வரிசையாக ஒன்றை ஒன்று மூடும், ஒவ்வொன்றும் ஒரு விளிம்பில் பக்கத்து இதழுக்கு மேலே, மறு விளிம்பில் இன்னொன்றுக்கு அடியில். மிஷினுக்கோ ஏதாவது ஒன்று முதலில் வந்தாக வேண்டும், ஒன்று கடைசியில் வந்தாக வேண்டும். இரண்டாவது முதலாவதின் மேல், மூன்றாவது இரண்டாவதின் மேல் என்று போய், ஐந்தாவது வரும்போது அது முதல் இதழுக்கு அடியில் இருக்க வேண்டும், அந்த முதல் இதழோ எப்போதோ தைத்தாகிவிட்டது! அதனால் முதல் இதழை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி ஆரம்பத்திலேயே, மறு பாதி எல்லாவற்றுக்கும் கடைசியில். இரண்டும் சேரும் இடத்தின் மேலேயே நடு நரம்பு ஓடுகிறது, ஆகவே ஒட்டு தெரியாது.

ஆனால் இதழ் இதழாகப் போனால் நூல் மாற்றுவது கூடும். ஆறு துண்டு, மூன்று சிவப்பு, ஒற்றை ஊசி மிஷினில் 18 முறை நூல் கோர்க்க வேண்டும். ஒரு இதழை அடர்சிவப்பில் தொடங்கி வெளிர்சிவப்பில் முடித்தால், அடுத்ததை வெளிரிலிருந்து திருப்பித் தொடங்கலாமே என்று தோன்றியது. அப்படி மாற்றி மாற்றி வைத்ததும் 13 ஆகிவிட்டது. நிறங்கள் கலக்கும் இடத்தில் எந்த நூல் மேலே விழுகிறது என்பது மட்டும் இதழுக்கு இதழ் மாறும், அதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

இன்னொன்று, ஒரு இதழ் இன்னொன்றுக்கு அடியில் போகும் இடத்தில் முழுவதும் நிரப்பக் கூடாது. ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே விட்டு நிறுத்திவிட வேண்டும். அடியிலும் மேலும் முழு அடர்த்தியில் தையல் விழுந்தால் அந்த இடம் அட்டை மாதிரி விறைத்துப்போகும், நூலும் அறுந்துகொண்டே இருக்கும். வரிகளுக்கு நடுவே 0.4 மி.மீ என்பது 40 எண் (தடிமன்) எம்பிராய்டரி நூலுக்குப் பொதுவான இடைவெளி. நிறம் கலக்கும் பகுதியில் இரண்டு நிறத்தையும் இன்னும் தளர்வாக விட்டேன், இரண்டும் சேர்ந்துதானே ஒரு பரப்பை மூடுகிறது.

மேசைவிரிப்பு கெட்டிப் பருத்தி. தைப்பதற்கு முன் துவைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும், பிறகு துணி சுருங்கினால் நூல் சுருங்காது, பூவைச் சுற்றிச் சுருக்கம் விழும். அடியில் கிழித்து எடுக்கிற ஸ்டெபிலைசர் (துணி சுருங்காமல் தாங்கும் தாள்) இரண்டு அடுக்கு, 75/11 அளவு எம்பிராய்டரி ஊசி. தையல் ஓடும் திசையில் துணி உள்ளே இழுபடும், அதனால் இதழின் ஓரத்துக்கும் வெளிக்கோட்டுக்கும் நடுவே துணி எட்டிப் பார்க்கும். இழுப்பை ஈடுகட்ட 0.3 மி.மீ கூட்டி வைத்ததில் இடைவெளி மூடிக்கொண்டது. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். பட்டையான சாட்டின் தையலில் (நெருக்கமான இணை இழைகளில்) நடுவே மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும், அதாவது அடி நூலும், இரு ஓரத்திலும் மேல் நூலும் தெரிந்தால் டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், சரி.

குஷன் உறையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தைத்து முடித்த உறையை ஃபிரேமில் மாட்ட முயல வேண்டாம், ஒரு பக்கத் தையலைப் பிரித்து விரித்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும்.

துவாலைதான் வேறு கதை. அதன் நூல் வளையங்கள் தையலுக்கு நடுவே தலைதூக்கும், மெல்லிய கோடு எதுவும் உள்ளே முங்கிவிடும். முதலில் துவாலையின் நிறத்திலேயே, பூவை விடக் கொஞ்சம் பெரிய பரப்பில், தளர்வான நிரப்புத் தையல் ஒன்றை ஓட்டி வளையங்களைப் படுக்க வைத்தேன். அதன் மேல் தண்ணீரில் கரைகிற ஃபிலிம், அப்புறம் பூ. துவாலையை ஃபிரேமில் இறுக்கினால் தடம் பதியும் என்பதால் ஸ்டெபிலைசரை மட்டும் இறுக்கி, ஒட்டும் ஸ்பிரே அடித்து, மேலே துவாலையை வைத்து, சுற்றிலும் நீளத் தையல் போட்டுப் பிடித்துக்கொண்டேன். நரம்புக் கோடு ஒற்றைத் தையலில் காணாமல் போகிறது, ஒரே இடத்தில் மூன்று முறை போய்வருகிற தையலாக மாற்றியதும் எழுந்து நிற்கிறது. மகரந்தத் தண்டின் நுனியில் இருக்கும் மஞ்சள் புள்ளிகளில் பாதியை எடுத்துவிட்டு மீதியைப் பெரிதாக்கினேன். விரிப்பில் அத்தனை அழகாக இருந்த நுணுக்கம் துவாலையில் தாங்காது, என் கணக்கில் துவாலைக்குப் பெரிய இதழ்களே போதும்.

துவாலையில் இன்னும் இரண்டு இதழும் தண்டும் பாக்கி. அடுத்து மெல்லிய ஜன்னல் திரை வரிசையில் இருக்கிறது. இத்தனை தையலை அது தாங்காது, பூவின் கனத்தில் துணி தொங்கிவிடும். அதற்காக நிரப்புத் தையல் எல்லாவற்றையும் நீக்கி, வெளிக்கோடும் நரம்பும் மட்டும் உள்ள கோப்பு ஒன்றைத் தனியாகச் சேமித்திருக்கிறேன், அடியில் வைக்கவும் தண்ணீரில் கரைகிற ஸ்டெபிலைசர்தான்.