அடிப்படை உரிமைகள் மண்டையில் நிற்கவில்லையா? இப்படிப் படித்துப் பாருங்கள்

குரூப் 1 மெயின்ஸுக்குப் படிக்கிறவர்கள் அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் வரும் பிரிவு 12 முதல் 35 வரை வரிசையாக ஒப்பிக்கப் பார்க்கிறார்கள். நிற்காது. நான் 13(2)இல் ஆரம்பித்தேன்: அடிப்படை உரிமையைப் பறிக்கிற, குறைக்கிற சட்டத்தை அரசு இயற்றக் கூடாது, இயற்றினால் மீறிய அளவுக்குச் செல்லாது. அந்த "மீறிய அளவுக்கு" முக்கியம், முழுச் சட்டமும் போய்விடும் என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் உங்கள் ஊரைத் தொடுகிற ஒரு சட்டத்தை எடுங்கள். ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிற மண்டபம் ஊர்க்காரனான எனக்கு அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தொழில் செய்யும் உரிமை 19(1)(ஜி)யில் இருக்கிறதே என்றால், பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்க 19(6) இடம் கொடுக்கிறது. சரி, இது நியாயமானதா? மீன் முட்டையிடும் பருவத்துக்கு மட்டும்தான் தடை, குடும்பங்களுக்கு நிவாரணத் தொகையும் உண்டு, ஆகவே நோக்கத்துக்கும் தடைக்கும் பொருத்தம் இருக்கிறது என்று வாதிடலாம். நாட்டுப்படகுக்கு மட்டும் ஏன் விலக்கு என்று விசைப்படகுக்காரர் கேட்டால் விஷயம் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற பிரிவு 14க்குப் போய்விடும், வகை பிரித்ததற்குத் தகுந்த காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும். (ஜெட்டிப் பக்கம் டீக்கடையில் காது கொடுத்தால் இரண்டு தரப்பு வாதமும் இலவசமாகக் கிடைக்கும்.)

வழக்குகளில் பாதி நம் மெட்ராஸிலிருந்து போனவைதான். 1950இல் ரொமேஷ் தாப்பர்: பம்பாயிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையை மெட்ராஸ் அரசு உள்ளே விடவில்லை, உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துக் கொடுத்த வகுப்புவாரி அரசாணை விழுந்தது. உடனே நாடாளுமன்றம் முதல் திருத்தம் கொண்டுவந்து பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் 19(2)ஐ மாற்றியது, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய 15(4)ஐச் சேர்த்தது, அடிப்படை உரிமையை மீறுகிறது என்று நீதிமன்றம் செல்லாததாக்க முடியாதபடி சட்டங்களைப் பட்டியலிடும் ஒன்பதாவது அட்டவணையையும் உண்டாக்கியது. அப்படியானால் திருத்தத்துக்கே எல்லை உண்டா என்ற கேள்விதான் 1967 கோலக்நாத், 1973 கேசவானந்த பாரதி என்று போகிறது. பின்னதில் நீதிபதிகள் 7-6 என்ற கணக்கில் சொன்னதுதான் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு, அதாவது திருத்தம் செய்யலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கக் கூடாது; இந்தக் கதை புரிந்தால் வருடங்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 2007 ஐ.ஆர். கோயல்ஹோ தீர்ப்பு வரை போங்கள், அதுவும் கூடலூர் நில விவகாரத்தில் கிளம்பிய தமிழ்நாட்டு வழக்குதான். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும், அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறதா என்று நீதிமன்றம் சோதிக்கலாம் என்றது. நமது 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் அங்கே போனது, அதைப் பற்றிக் கேள்வி வந்தால் இந்தத் தீர்ப்பை எழுதாமல் வராதீர்கள்.